முதியவரின் மருந்து வேளை: வீடா, முதியோர் இல்லமா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவக் குடும்பங்களில் சர்க்கரை நோயுள்ள முதியவரை வீட்டில் வைத்துக்கொள்வதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்ற பேச்சு வரும்போது, மருந்து எங்கே கிடைக்கும் என்பதைவிட அதை வேளை தவறாமல் யார் கொடுப்பார் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. ஆனால், சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு முன் போட வேண்டிய ரெகுலர் வகை இன்சுலின் ஊசி அப்படியன்று; அதை நேரம் பார்த்துப் போடவும், பின் சாப்பாடு கொடுக்கவும் ஆள் வேண்டும். விசைப்படகில் போன மகன் மறுநாள்தான் கரை திரும்புவார், மருமகள் கருவாட்டுக் களத்தில் நிற்பார் என்ற நிலையில், ஊசிக்குப் பின் கஞ்சி தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும், சில வேளை மயக்கமும் வரும்.

இல்லத்தில் ஆள் இருப்பார். ஆயினும் இரவுப் பணியில் எத்தனை பேர், அழைப்பு மணி அடித்தால் யார் வருகிறார் என்பதை நேரில் பார்த்தறிய வேண்டும் (வரவேற்பறையின் பளபளப்பு இதற்குப் பதில் சொல்லாது). மருந்துப் பதிவேட்டில் இரவு வேளைக்கான கையெழுத்தும் காலையிலேயே போடப்பட்டிருந்தால், அந்த இல்லத்தைவிட வீடே மேல். பகலில் ஒருவர் உடனிருக்க முடிந்தால் நான் வீட்டையே சொல்வேன். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் புரட்டிவிடவும் ஆளில்லை என்றால், இரவுச் செவிலியர் உள்ள இல்லமே பொருந்தும்.