கூகுளின் டிஸ்அவோ கருவி: போட்டியாளர் கொட்டும் குப்பை லிங்க்குகளுக்கு இது தேவையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்அவோ என்பது, வேறு தளங்கள் நம் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க்குகளில் வேண்டாதவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் கருவி. குப்பை லிங்க்குகள் வந்தால் தேடலில் நம் தளம் கீழே போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் இதைத் தேடுகிறார்கள். போட்டிக் கடைக்காரர் யாரோ உங்கள் தளத்துக்குக் குப்பை லிங்க்குகளை அள்ளிக் கொட்டுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கருவியைத் தொட வேண்டியதில்லை. கருவி மோசம் என்பதால் அல்ல, அது செய்யப்பட்டதே வேறொரு வேலைக்காக. அந்த வேலைக்கு இன்றும் நல்ல கருவிதான். ஆனால் இதைத் தேடி வருகிறவர்களில் நிறைய பேர் பயந்துபோய் வருகிறார்கள், பயமுறுத்தியவருக்குப் பணமும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதி குழப்பம் போய்விடும். 2012 ஏப்ரலில் கூகுள் தளங்களை வரிசைப்படுத்தும் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து லிங்க் வாங்கி, கண்ட கண்ட டைரக்டரிகளில் (தள முகவரிப் பட்டியல்களில்) பதிந்து, கமென்ட்களில் லிங்க் ஒட்டி மேலே ஏறிய தளங்கள் அப்போது மொத்தமாகச் சரிந்தன. வாங்கிய லிங்க்கை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எதிர்த்தரப்பிலிருந்து பதிலே வராது. அந்த நெருக்கடிக்குத்தான் அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்அவோ வந்தது: 'இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதே' என்று தளத்தின் உரிமையாளரே கூகுளிடம் சொல்லும் வழி. அந்தக் காலத்தில் பெங்குவின் அவ்வப்போதுதான் ஓடும், அது மறுபடி ஓடினால்தான் சரிந்த தளம் மீளும். 2014 அக்டோபரில் ஓடியது அடுத்து 2016 செப்டம்பரில்தான் வந்தது, அதுவரை அடிபட்டவர்கள் காத்துக்கிடந்தார்கள். அன்றைக்குப் பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த 2016 மாற்றத்தோடு ஆட்டமே மாறிவிட்டது. பெங்குவின் கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே சேர்ந்தது, கெட்ட லிங்க்கைக் கண்டால் தளத்தைக் கீழே தள்ளாமல் அந்த லிங்க்குக்கு மதிப்பே கொடுக்காமல் விடுகிறது. 2022 டிசம்பரில் குப்பையைக் கண்டுபிடிக்கும் ஸ்பேம்பிரெய்ன் என்ற தங்கள் அமைப்பையும் இதே வேலைக்கு இறக்கினார்கள். அதனால் எதிரி செலவழித்து அனுப்பும் சூதாட்ட லிங்க்கும் மாத்திரை விற்கும் லிங்க்கும் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சொல்லப்போனால் அவற்றில் பெரும்பகுதி எதிரி அனுப்பியதே கிடையாது. கண்ணில் பட்ட தளத்தையெல்லாம் நகலெடுத்து லிங்க் போடும் தானியங்கிப் பக்கங்கள் வலை முழுக்க இருக்கின்றன, கொஞ்ச காலம் ஓடிய எந்தத் தளத்துக்கும் இவை வந்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, கருவிக்கு வருவோம். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் இலவசச் சேவையான சர்ச் கன்சோலின் இடதுபக்கப் பட்டியலில் தேடினால் கிடைக்காது, தனி முகவரியில் வைத்திருக்கிறார்கள். எரிச்சலாகத் தெரியும், ஆனால் சும்மா நோண்டிப் பார்ப்பவர்கள் கையில் சிக்காமல் இருக்க அதுதான் நல்லது. சர்ச் கன்சோலில் தளத்தை 'டொமைன்' வகையில் (முழு டொமைனையும் ஒன்றாக) சேர்த்திருந்தால் இது ஏற்காது, 'முகவரி முன்னொட்டு' (URL prefix) வகையில், https:// என்று தொடங்கும் முகவரியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒரு முகவரியோ ஒரு முழு டொமைனோ எழுதி ஏற்ற வேண்டும், உச்ச வரம்பு 2 எம்பி, 1,00,000 வரிகள். புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுக்கப் போய்விடும், இரண்டும் சேராது. இது தெரியாமல் புதிதாகக் கண்டுபிடித்த நாலு டொமைன்களை மட்டும் ஏற்றிவிட்டு, பழைய பட்டியலும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பெரிய குறை, ஏற்றிய பிறகு ஒன்றுமே தெரியாது. அந்தப் பக்கங்களைக் கூகுள் மறுபடி வந்து பார்க்கும் வரை சில வாரங்கள் ஆகலாம், பலன் இருந்ததா இல்லையா என்று கருவி சொல்லாது, விலக்கிய லிங்க்குகள் லிங்க் அறிக்கையில் அப்படியே நிற்கும். தவறாகப் பயன்படுத்தினால் தளத்தின் தேடல் நிலையே பாதிக்கப்படலாம் என்று கூகுளே எச்சரிக்கிறது. உண்மையான ஆபத்து அங்கேதான். எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) மென்பொருள்கள் 'டாக்ஸிக்', அதாவது நச்சு லிங்க் என்று ஒரு மதிப்பெண் காட்டும், அது அந்த நிறுவனங்கள் தாங்களே போட்ட கணக்கு, கூகுளின் எண் அல்ல. அந்தச் சிவப்புப் பட்டியலை அப்படியே ஏற்றினால், நம்மைப் பற்றி உண்மையாகவே எழுதிய ஒரு பழைய வலைப்பூவும் உள்ளூர் சங்கத்தின் பக்கமும் அதோடு சேர்ந்து போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்கு இப்படித்தான் நடந்தது. ரேங்க் விழுந்தது, போட்டியாளர் லிங்க் அனுப்பிக் கெடுத்துவிட்டார் என்று ஒரு ஏஜென்சி மாதாமாதம் 'லிங்க் சுத்திகரிப்பு' என்று பணம் வாங்கியது. சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், தளத்தைப் புதுப்பித்தபோது பழைய பக்கங்களின் முகவரிகளை மாற்றிவிட்டு ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடாமல் விட்டிருந்தார்கள். வரிசையாக 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. அதைச் சரிசெய்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

போட்டியாளரால் கெடுதலே செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. தளத்துக்குள் புகுந்து குப்பைப் பக்கங்களை நுழைக்கலாம், கூகுள் மேப்ஸில் பொய் விமர்சனம் எழுதலாம், பதிப்புரிமைப் புகார் என்று பொய்யாகக் கொடுத்து ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்தே எடுக்க வைக்கலாம். இவைதான் வலிக்கும், இவை எதற்கும் டிஸ்அவோ உதவாது.

அப்படியானால் யாருக்கு இது? சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் (விதியை மீறியதாகக் கூகுள் ஊழியர்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கை) என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் தளத்துக்கு இயல்பற்ற லிங்க்குகள் வருகின்றன என்ற அறிவிப்பு இருந்தால், முதலில் லிங்க் வைத்தவர்களிடம் எடுக்கச் சொல்லுங்கள், எடுக்காததை இதில் ஏற்றுங்கள், அப்புறம் கூகுளிடம் மறுபரிசீலனை கேளுங்கள். முன்பு நீங்களோ உங்கள் பழைய ஏஜென்சியோ காசு கொடுத்து நிறைய லிங்க் வாங்கியிருந்தாலும் அறிவிப்புக்குக் காத்திராமல் இதைச் செய்யலாம், ஏனென்றால் அந்த நிலையில் எது நாம் வாங்கியது, எது எதிரி அனுப்பியது என்று பிரித்து நிரூபிப்பது மிகவும் கஷ்டம். இந்த இரண்டு பேருக்கும் கருவி தாராளமாக 4 நட்சத்திரம் பெறும். பலனைக் காட்டாததற்கு ஒன்றைக் குறைத்தேன்.

வேறு யாரிடமிருந்தோ தளத்தின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய டிஸ்அவோ கோப்பு ஏதாவது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இறக்கி வரிவரியாகப் படியுங்கள். நல்ல தளங்கள் அதில் மாட்டியிருந்தால் அந்த வரிகளை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம், முழுக்கத் தேவையில்லை என்றால் அங்கேயே ரத்து செய்யவும் பொத்தான் இருக்கிறது.