வன்னி வெயிலில் நைட்ரஸ்: ஹீற்றருக்குப் பதில் ஐஸ் பெட்டி தந்திருக்கலாம்

கிளிநொச்சியில் இருக்கும் நண்பன் தன் சிவிக் காருக்கு நைட்ரஸ் (எஞ்சினுக்குள் பாய்ச்சி வலுவைக் கூட்டும் நைட்ரஸ் ஒக்சைட் வாயு) பூட்டப் போகிறானாம். "நீ கனகாலமாக வைத்திருக்கிறாய்தானே மச்சான், எப்படி?" என்று கேட்டான். போனில் தொடங்கினால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது பெற்றோலையும் சேர்த்துத் தெளிக்கும் 'வெட்' கிட், 50 குதிரைவலு கூட்டும் ஜெட் (தெளிக்கும் துளை), 10 இறாத்தல் சிலிண்டர். கட்டுக்குருந்தையில் கார் ஓட்டப் போட்டி நடந்தால் அங்கே மட்டும்தான் திறப்பேன். ஏ9 வீதியில் தொடுவதே இல்லை. மாங்குளம் பக்கம் இரவில் மாடு எங்கே படுத்திருக்கும் என்று மாட்டுக்காரனுக்கே தெரியாது.

சாமானில் குறை சொல்ல முடியாது. 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே, அக்சலேற்றரை முழுதாக மிதிக்காவிட்டால், பெற்றோல் அழுத்தம் இறங்கினால், மூன்றில் எதுவானாலும் நைட்ரஸைத் தானாகவே வெட்டிவிடும். இக்னிஷன் பொறி விழும் நேரத்தை 2 பாகை பின்னுக்கு வைத்து, ஒரு படி குளிரான (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) பிளக் போட்டிருக்கிறேன். அண்மையில் வால்வு வேலைக்காக ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன்களில் ஒரு பொத்தல், ஒரு உருகல் இல்லை. கராஜ்காரரே நம்பவில்லை.

ஆனால் இந்தச் சூடு! கிட்டோடு சிலிண்டரைச் சூடாக்க ஒரு ஹீற்றர் தந்தார்கள். குளிர்நாட்டுக்காரனுக்கு அது தேவைதான், அழுத்தம் 900–950 பிஎஸ்ஐக்கு வர சிலிண்டர் 30 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் இங்கே நிழலே அதைவிடச் சூடு. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சாப்பிட்டு, கச்சானும் வாங்கித் திரும்பினால் டிக்கிக்குள் அழுத்த மீற்றர் 1,050ஐத் தாண்டி நிற்கிறது. நைட்ரஸ் 36.4 பாகைக்கு மேல் திரவமாகவே இருக்காது. அதற்கு முன்னரே அழுத்தம் ஏற ஏற வாயு கூடுதலாகப் பாயும், பெற்றோல் பழைய அளவிலேயே வரும். கலவை மெலிந்தால் எஞ்சின் தட்டும், பிறகு பிஸ்டன் போகும். ஆகவே ஓட்டத்துக்கு முன் என் வேலை எஞ்சினைப் பார்ப்பதல்ல. மீன்காரரைப் போல ஐஸ் உடைப்பது. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?

அப்புறம் நிரப்புவது. அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். ஒரு தடவை நிறுக்காமலே நிரப்பித் தந்தார்கள், கேட்டதற்கு "கொஞ்சம் கூட இருந்தால் உங்களுக்குத்தானே லாபம்" என்று சிரிப்பு வேறு. லாபமாம்! அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டர் சூடானால் திரவம் விரிய உள்ளே இடமிருக்காது, அழுத்தம் தாறுமாறாக ஏறி 3,000 பிஎஸ்ஐ அளவில் பாதுகாப்புத் தகடு வெடிக்கும். அதிலிருந்து வெளியே போகும் குழாய் பூட்டாவிட்டால் அவ்வளவு வாயுவும் காருக்குள்தான், கண்ணாடி மூடியிருந்தால் மூச்சு விடக் காற்று இருக்காது. மேலதிகத்தை அங்கேயே இறக்க வைத்துத்தான் வந்தேன். இப்போது தராசும் கூடவே போகிறது. சிலிண்டரின் மேல் அடித்திருக்கும் வெற்று எடையைக் கழித்து 10 இறாத்தலுக்கு மேல் காட்டினால் காசு கொடுப்பதில்லை. அந்தக் குழாயைச் செலவு என்று விட்டுவிடச் சொல்லும் கராஜ்காரனிடம் காரையே விடாதே.

சரி, போடலாமா? வேண்டாம். வன்னியில் இருந்துகொண்டு இதைக் கட்டி மேய்க்க முடியாது. அந்தக் காசுக்கு நல்ல ரயரும் பிரேக்கும் போடு. என்னுடையதைக் கழற்றி விற்பேனா என்றும் கேட்டிருந்தாய். ஹீற்றரை வேண்டுமானால் சும்மாவே எடுத்துப் போ, பெட்டி உடைக்காமல் கிடக்கிறது. மற்றது விற்பனைக்கு இல்லை.