லாவ் பா சாட்: சாத்தேக்கு முன்னாடி கூரையைப் பாருங்க

குச்சியில குத்திச் சுட்ட கறி இருக்கே, அந்த சாத்தே சாப்பிடத் தான் எல்லாரும் சிங்கப்பூர் லாவ் பா சாட் போறாங்க, அது தப்பே இல்ல, ஆனா வெளிய பூன் டாட் ஸ்த்ரீட்லயே உக்காந்து சாப்பிட்டு அப்படியே எம்ஆர்டி ரயிலுக்குக் கிளம்பிடுறாங்க பாருங்க, அது தான் மனசு கேக்கல. உள்ள போய் மணிக்கூண்டுக்கு நேர் கீழ நின்னு ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. எட்டுக்கோணக் கட்டடம், ஒல்லியான இரும்புத் தூண் வரிசை வரிசையா நடுவுக்கு ஓடி வருது, தூணும் கூரையும் சேர்ற வளைவுல எல்லாம் லேஸ் பின்னின மாதிரி இரும்பு வேலைப்பாடு. மீனும் கறியும் காய்கறியும் விக்கிறதுக்குக் கட்டின மார்க்கெட்டுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க!

மொதல்ல இது தெலுக் ஆயர் கடலோரத்துல இருந்த மார்க்கெட். 1838ல கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மேன் தான் இதை எட்டுக்கோணமா கட்டினவர். அப்புறம் கடலைத் தூத்து நிலத்தை நீட்டினப்ப அந்தக் கட்டடம் போயிருச்சு, 1894ல இப்ப இருக்கிற இடத்துல இன்ஜினியர் ஜேம்ஸ் மெக்ரிச்சி புதுசா கட்டினார், நாம வாக்கிங் போற மெக்ரிச்சி ரிசர்வாயர் இவர் பேர்ல தான் இருக்கு. பழைய எட்டுக்கோணத்தை அவர் விடல, ஆனா இரும்பை கிளாஸ்கோல வார்த்து கப்பல்ல கொண்டு வந்து இங்க பூட்டினாங்க.

அதனால தான் இது இன்னைக்கும் நிக்குதுன்னு நான் நினைக்கிறேன். 1973லயே ஹாக்கர் சென்டர், அதாவது நிறைய சின்னச் சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கிற இடம், ஆகி தேசிய நினைவுச்சின்னமும் ஆயிடுச்சு, ஆனா 1986ல கீழ எம்ஆர்டி சுரங்கம் தோண்டணும்னு வந்தப்போ மொத்த இரும்பையும் பார்ட் பார்ட்டா கழட்டி எடுத்து வச்சு, வேலை முடிஞ்சதும் திரும்ப அதே இடத்துல பூட்டிட்டாங்க. செங்கல் கட்டடமா இருந்தா இப்படிக் கழட்டி மாட்ட முடியுமா சொல்லுங்க.

சாப்பாட்டுக்கு வர்றேன். விலை குடியிருப்புப் பேட்டைல இருக்கிற ஹாக்கர் சென்டரை விடக் கொஞ்சம் கூட தான், சுத்தி பூரா ஆபீஸ், மதியம் பன்னெண்டரைக்குப் போனா டிஷ்யூ பாக்கெட் வச்சு எல்லா சீட்டும் சோப் பண்ணியாச்சு, அதாவது இடம் பிடிச்சாச்சு, புழுக்கம் வேற. சாத்தே வார நாள்ல ராத்திரி ஏழு மணிக்கு மேல ரோட்டை அடைச்சுட்டு கரி அடுப்புல சுடுவாங்க, ஓரம் லேசா கருகி, கடலைச் சாஸ்ல முக்கி, கூட வெள்ளரிக்காயும் வெங்காயமும், அந்தப் புகையோட சாப்பிட்டா தான் ருசி. உள்ள எனக்கு ஒரே வருத்தம், கலர் கலரா கடை போர்டுங்க கண்ணை இழுத்துடுது, தூண் மேல பார்வையே போக மாட்டேங்குது.

பிற்பகல் மூணு மணிக்குப் போங்க, கூட்டம் குறைஞ்சிருக்கும், ஒரு தே தாரிக் டீ வாங்கிட்டு நிதானமா சுத்திப் பாக்கலாம். நேரம் இருந்தா அப்படியே தெலுக் ஆயர் ஸ்த்ரீட் வரைக்கும் நடந்து நாகூர் தர்காவையும் பாத்துடுங்க, 1830 வாக்குல தமிழ்நாட்டுலேர்ந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டினது, அப்ப அந்தத் தெரு தான் கடற்கரை, இவங்க வந்து இறங்கின கரையும் மீன் மார்க்கெட்டும் பக்கத்துப் பக்கத்துலயே இருந்திருக்கு.