குழந்தைகள் காப்பகத்துக்கு எந்த எபிநெஃப்ரின் ஊசி?

எபிநெஃப்ரின் என்ற அவசர ஒவ்வாமை மருந்து காப்பகத்தில் இருக்க வேண்டும் என்றதும் பலரும் வாங்கி வைப்பது எபிபென் ஜூனியர் என்ற தானியங்கி ஊசி. அதிலுள்ள 0.15 மில்லிகிராம் 15 முதல் 30 கிலோ எடைக்கானது. காப்பகக் குழந்தைகளில் பலர் 15 கிலோவையே தொட்டிருக்க மாட்டார்கள். சின்னத் தொடையில் அந்த ஊசி எலும்பு வரை இறங்கிவிடக்கூடும்.

அவர்களுக்கு ஏற்றது ஆவி-கியூ என்ற தானியங்கி ஊசியின் 0.1 மில்லிகிராம் வகை, 7.5 முதல் 15 கிலோ வரை. உறையை உருவியதும் குரல் வழிகாட்டும். சிவப்புக் காப்பை இழுத்து, கறுப்பு முனையை வெளித்தொடையின் நடுவில் அழுத்தி 2 விநாடி பிடிக்க வேண்டும். உடையைக் கழற்றத் தேவையில்லை. மருந்து இறங்கியதும் ஊசி தானாகக் கருவிக்குள் திரும்பிவிடும். கை நடுங்கும் நேரத்தில் அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை! முதல் இடம் இதற்குத்தான்.

எபிபென்னில் தவறுகள் அதிகம். நீல மூடியை எடுத்துவிட்டு ஆரஞ்சு முனையில் கட்டைவிரலை வைத்தால் மருந்து விரலுக்குள் போய்விடும். காலை இறுக்கிப் பிடிக்காவிட்டால், குழந்தை உதைக்கும்போது தோல் கிழியும். 3 விநாடி முடிந்து எடுத்த பிறகும் உள்ளே நிறைய திரவம் மிஞ்சியிருக்கும். அது இயல்பு; மருந்து இறங்கவில்லை என்று பதற வேண்டாம், அதை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

நெஃபி மூக்குத் தெளிப்பானில் ஊசியே கிடையாது. ஆனால் 1 மில்லிகிராம் வகைக்கு 4 வயதும் 15 கிலோவும் நிரம்பியிருக்க வேண்டும். சோதிக்க ஒருமுறை அழுத்தினாலே மருந்து தீர்ந்தது.

எதை வாங்கினாலும் ஒவ்வோர் அளவிலும் இரண்டு வேண்டும். பூட்டிய அலமாரியும் குளிர்பெட்டியும் வேண்டாம்; 20–25 டிகிரி செல்சியஸ் போதும். மாதம் ஒருமுறை காலாவதித் தேதியையும், திரவம் கலங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தடிப்போடு வாந்தி, கரகரத்த அழுகை, திடீர்த் துவளல், மூச்சிரைப்பு ஏதேனும் சேர்ந்தால் உடனே போடுங்கள். அலர்ஜி சிரப் கொடுத்துக் காத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. போட்டதும் ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தையைப் படுக்க வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. போட்ட நேரத்தை எழுதி, பயன்படுத்திய கருவியோடு ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள்.