கன்வெர்ட்டர் ஆப் காட்டும் ரேட்டும் கைக்கு வரும் ரூபாயும்

போனில் ஒரு கரன்சி கன்வெர்ட்டர் ஆப்பைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். அண்ணன் துபாயில், மச்சான் சிங்கப்பூரில். மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கம் இது சாதாரணம். ஆப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அது காட்டும் ரேட்டுக்கு நம்மிடம் யாரும் வாங்க மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் எண் அது. எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்க்க அது போதும்.

கணக்கு போட வேண்டிய இடம் வேறு. பேச்சுக்கு, ஆப்பில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 65 ரூபாய். ஒரு கம்பெனி "கட்டணமே இல்லை" என்று 64.40 தருகிறது. இன்னொன்று 5 வெள்ளி கட்டணம் பிடித்துக்கொண்டு 64.90 தருகிறது. மச்சான் கையிலிருந்து 1,000 வெள்ளி போனால் முதலாவதில் 64,400 வரும். இரண்டாவதில் 995 வெள்ளிதான் மாறும், ஆனாலும் 64,575 வரும். அதே 200 வெள்ளி அனுப்பினால் கதை தலைகீழ்: 12,880, 12,655. ஆக, தொகையைச் சொல்லாமல் "எது நல்ல ரேட்டு?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. வந்த ரூபாயை, அங்கே கையைவிட்டுப் போன மொத்த வெள்ளியால் வகுத்துப் பார்த்தால் உண்மையான ரேட்டு தெரிந்துவிடும்.

துபாய் திர்ஹாமின் ரேட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். டாலர் ஏறினால் அதுவும் ஏறும், அவ்வளவுதான். சவுதி ரியாலும் அப்படியே, டாலருக்கு 3.75. சிங்கப்பூர் வெள்ளி அப்படியில்லை. பல நாட்டு நாணயங்களை வைத்து அதை அவர்கள் நிர்வகிப்பதால் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

நோட்டாகக் கொண்டுவந்தால் ரேட்டு இன்னும் குறையும்; சில்லறைக் காசை யாரும் வாங்குவதில்லை. அதோடு, எவ்வளவு சின்னத் தொகை மாற்றினாலும் ஜிஎஸ்டி குறைந்தது 45 ரூபாய். 10 வெள்ளி நோட்டை மாற்றுவது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது.

ஆப்பில் இரண்டு எரிச்சல். ரூபாயை வெள்ளியாக்கும்போது தசமம் இரண்டு இடத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு ரூபாய்க்கு 0.02 என்று காட்டினால் அதை வைத்து என்ன செய்வது? 1,000 ரூபாய் என்று அடித்துப் பார்த்தால்தான் பயன். அப்புறம், சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும். அன்று தெரிவது வெள்ளிக்கிழமை முடிந்த ரேட்டு. அதை ஆப் எங்கேயும் சொல்வதில்லை.

ரேட்டு ஏறினால் மணியடிக்கும் வசதியை அணைத்துவிட்டேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கினால் உழவுக்கும் நடவு ஆளுக்கும் அன்றன்றைக்குக் காசு வேண்டும். 20 பைசா ஏறட்டும் என்று காத்திருந்தால் 1,000 வெள்ளிக்குக் கூடுதலாகக் கிடைப்பது 200 ரூபாய். அதற்குள் நகையை வைத்து 50,000 வாங்கியிருந்தால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 500 போய்விடும்.