தமிழில் ஒரு சுழல் வான்படம்: வானம் சரி, சொல் சரியில்லை

தமிழ் எழுத்தில் அச்சிட்ட சுழல் வான்படம் (தேதிக்கும் மணிக்கும் ஏற்பச் சுழற்றிப் பார்க்கும் விண்மீன் வரைபடம்) கிடைப்பதே அரிது. இது 13 டிகிரி வட அட்சரேகைக்கு வரைந்தது. பெங்களூரு மொட்டைமாடிக்கு அப்படியே பொருந்தும். மேல்வட்டைத் திருப்பித் தேதியையும் மணியையும் நேராக வைத்தால், அப்போதைய வானம் சாளரத்தில் தெரியும். கடிகார நேரத்தில் மட்டும் 20 நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள்: இரவு 9 என்றால் 8.40. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, பெங்களூரு இருப்பது 77.6-இல், டிகிரிக்கு 4 நிமிட வித்தியாசம். கையேட்டில் இது விடுபட்டுள்ளது.

அதைவிடப் பெரிய குறை, கான்ஸ்டலேஷன், ஆஸ்டரிசம் இரண்டுக்கும் 'நட்சத்திரக் கூட்டம்' என்றே போட்டிருப்பது. கான்ஸ்டலேஷன் லத்தீன் சொல். 'ஸ்டெல்லா' என்றால் விண்மீன், முன்னால் உள்ள 'கான்' சேர்க்கையைக் குறிக்கும். பழங்காலத்தில் அது விண்மீன்கள் சேர்ந்த உருவம். இன்றைய வானியலிலோ எல்லை கட்டிய நிலம் மாதிரி. சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-இல் 88 பெயர்களை ஏற்றது. பெல்ஜிய வானியலாளர் டெல்போர்ட் வகுத்த எல்லைகள் 1930-இல் வெளியாயின. எவ்வளவு மங்கலான விண்மீனும் இந்த 88-இல் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆஸ்டரிசம் கிரேக்க 'ஆஸ்டெர்' வழி வந்தது. எல்லை கிடையாது, கண்ணில் படும் வடிவம் மட்டுமே.

இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? மே மாதத் தொடக்கத்தில், இரவு 9 மணிக்கு, வடக்கே பாதி உயரத்தில் சப்தரிஷி என்ற ஆஸ்டரிசத்தின் ஏழு மீன்களையும் பார்த்தவர் பெருங்கரடி என்ற கான்ஸ்டலேஷன் முழுவதையும் பார்த்துவிட்டதாக எண்ணுவார். தலையும் கால்களும் அந்த ஏழுக்கு வெளியே இருக்கின்றன. 'நட்சத்திரம்' என்ற சொல் தமிழருக்கு இன்னும் சிக்கல்: திருவாதிரை ஒற்றை மீன், கார்த்திகை ஒரு கொத்து, அனுஷம், கேட்டை, மூலம் மூன்றும் விருச்சிகம் என்ற ஒரே கான்ஸ்டலேஷனுக்குள்ளேயே இருக்கின்றன. எல்லையுள்ளதை 'உடுத்தொகுதி' என்றும், வெறும் வடிவத்தை 'விண்மீன் கோலம்' என்றும் பிரித்திருக்கலாம். புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதற்குக் கோலத்தைவிடப் பொருத்தமான சொல் ஏது?

தெற்கு வானம் படத்தில் அகன்று தெரியும். நடுப்புள்ளி வடதுருவம் என்பதால் அது தவிர்க்க முடியாதது. விருச்சிகத்தை உருவ அளவை வைத்துத் தேடாமல், செந்நிறக் கேட்டையிலிருந்து தொடங்குங்கள். இணைப்புக் கோடுகளைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறார்கள். இருளுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கப் பிடிக்கும் சிவப்பு டார்ச் ஒளியில் அவை மறைந்துபோகும். வாங்கியதும் கருப்பு மார்க்கரால் மேலே ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள்.