தியோடோரா, இகின்லாவா: 2002 ஹார்ட் கிண்ணம் யாருக்குரியது?

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடந்த ஏழு பேர் ஹொக்கிப் போட்டியில் சிறந்த வீரரைத் தெரிவுசெய்ய என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிக கோல் அடித்த பெடியனை விட்டு, இறுதியாட்டத்தில் தோற்ற அணியின் கோல் காப்பாளருக்கு வாக்குப் போட்டேன். பரிசும் அவனுக்கே போனது. மைதானத்தில் பெரிய வாக்குவாதம். இரவு ஸ்காபரோவிலிருந்து அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் எடுத்தான். "மாமா, 2002இலை தியோடோருக்குக் குடுத்து விட்ட பிழையை நீங்கள் யாழ்ப்பாணத்திலை திரும்பச் செய்திருக்கிறியள்" என்றான்.

அது பிழையா என்பதுதான் கேள்வி. வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் 2001-02 பருவத்தில் மொன்றியல் அணியின் கோல் காப்பாளர் ஜோசே தியோடோரும் கல்கரி அணியின் ஜரோம் இகின்லாவும் ஆண்டுதோறும் ஒரு வீரருக்குக் கொடுக்கும் ஹார்ட் கிண்ணத்துக்கான வாக்கெடுப்பில் ஒரே புள்ளியில் நின்றார்கள். முதலிட வாக்குகள் கூட விழுந்ததால் தியோடோருக்குக் கிண்ணம் போனது.

இகின்லாவின் பக்கம் சுலபமாக விளங்கும். 52 கோல். அடுத்த இடத்தில் இருந்தவர்களுக்கு 41தான். கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 96 புள்ளி, அதிலும் அவர்தான் முதல். கல்கரி அந்தப் பருவம் முழுவதும் போட்டது 201 கோல். கிட்டத்தட்ட பாதியில் அவர் கை இருக்கிறது.

அப்படியிருந்தும் நான் தியோடோர் பக்கம்தான். நானும் பள்ளிக்காலத்தில் கோல் காத்தவன். அந்தச் சாய்வு எனக்கு உண்டு. ஆனால் காரணம் அது இல்லை. ஹார்ட் கிண்ணம் லீக்கின் மிகத் திறமையான வீரருக்கு என்று வைக்கப்பட்டதல்ல, 'தன் அணிக்கு மிகப் பெறுமதியானவர்' என்று வைக்கப்பட்டது. அப்படியென்றால் அந்த ஆளை எடுத்துவிட்டால் அணி என்ன ஆகும் என்றுதான் பார்க்க வேண்டும்.

மொன்றியல் அடித்தது 207 கோல், வாங்கியது 209. அடித்ததைவிட வாங்கியது கூடின அணி அது. அணித்தலைவர் சாகு கோய்வு புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்து, கடைசி மூன்று ஆட்டங்களுக்குத்தான் திரும்பி வந்தார். அப்படிப்பட்ட அணி 87 புள்ளியோடு லீக்கின் கிழக்குப் பிரிவில் எட்டாவதாக, கடைசி இடத்தைப் பிடித்து, கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ஒன்பதாவது வந்த வாஷிங்டனுக்கு 85. வெறும் இரண்டு புள்ளி, ஒரேயொரு வெற்றி!

தியோடோர் 67 ஆட்டங்களில் கோலை நோக்கி வந்த 1,972 அடிகளுக்கு முகம் கொடுத்து 136 கோல் மட்டுமே விட்டார். அதாவது நூறில் 93ஐத் தடுத்தார். நூறில் 91ஐத் தடுக்கும் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால், கணக்குப்படி 177 கோல் போயிருக்கும். 41 கோல் கூட. அதில் கால்வாசி பிழையான நேரத்தில் விழுந்திருந்தாலே அந்த இரண்டு புள்ளி போயிருக்கும். கல்கரியோ 79 புள்ளி. மேற்கில் எட்டாவது வந்த வான்கூவருக்கு 94. இகின்லா இருந்தும் 15 புள்ளி தூரம். "அது அவற்ரை பிழையோ?" என்று மருமகன் கேட்டான். பிழை இல்லைதான். ஆனால் கேள்வி பிழையைப் பற்றியதல்லவே.

ஐஸ் ஹொக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த வேகத்தில், கால் வழுக்கும் தரையில் கோல் அடிப்பது எவ்வளவு கடினம் என்பதில் என் கணிப்புக் குறையலாம். வீரர்களே வாக்களித்துக் கொடுக்கும், அப்போது லெஸ்டர் பியர்சன் பெயரில் இருந்த விருது அதே ஆண்டு இகின்லாவுக்குத்தான் போனது. எதிரே நின்று ஆடியவர்களின் தீர்ப்பு அது. அதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விருது கேட்பது மிகச் சிறந்த வீரர் யார் என்பதை.

அப்புறம் ஒன்று. தியோடோரை மறுப்பவர்கள் பெரும்பாலும் பின்னால் நடந்ததை வைத்தே பேசுகிறார்கள். அவர் ஆட்டம் விழுந்து 2006இல் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார். இகின்லா 2004இல் லீக்கின் சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ண இறுதி வரை போய், 2020இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். 2002 வசந்தத்தில் வாக்குப் போட்டவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதே நியாயத்துக்காக, பிளேஓஃபில் தியோடோர் கிழக்கில் முதலாவதாக வந்த பொஸ்டனைத் தோற்கடிக்க உதவியதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. வாக்கு அந்த ஆட்டங்களுக்கு முந்தைய பருவத்துக்கானது.

மருமகன் இன்னும் இகின்லா பக்கம்தான். நேற்றும் அந்த 52 கோலின் காணொளியை அனுப்பியிருந்தான். நான் அந்த 1,972 அடிகளின் கணக்கைத் திருப்பி அனுப்பினேன்.